சர்கானி வீட்டுத் தாவல்

எங்கள் ஊரில் பொழுது விடியச் சேவல் தேவையில்லை. கிழக்கு வெளுப்பதற்கு முன்பே ஆற்றங்கரை நெடுக நிற்கும் உயரக் கட்டிடங்களின் உச்சியில் ஸ்பீக்கர்கள் கீச்சிட ஆரம்பித்துவிடும். ஜன்னலே இல்லாத கட்டிடங்கள். கீழே நாங்கள் குடியிருக்கிறோம், மேலே இருட்டில் உழவாரன் குருவிகள் குடியிருக்கின்றன. அவை எச்சிலால் கட்டும் கூட்டைச் சீனர்கள் சூப் வைத்துக் குடிக்கிறார்கள். அந்த எச்சிலில்தான் கோலா தபிரான் ஊரே சோறு தின்கிறது. நிஜக் குருவியை உள்ளே வரவழைக்கப் பொய்க் குருவியைக் கத்தவிட வேண்டும். ஒருவன் கத்தவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? அவனும் விடுவான், கொஞ்சம் கூடுதலாகவே. வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு எங்களைத் திட்டுவார்கள். நாங்கள் வெளியூர் போனால் அமைதியில் தூக்கம் பிடிக்காமல் புரண்டுகொண்டு கிடப்போம்.

என் பெயர் ஹம்லி, மூத்தவன் என்பதால் ஊருக்கு நான் 'காக்கா', அண்ணன். என் கோப்பிக்கடை படகுத்துறைக்கு மேலே, சர்கானி வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஊரில் பாதி வீடுகளில் ஓடுவது அவன் பதிந்த சத்தம்தான். கல்யாணமான புதிதில் அரான் தீவுக் குகைக்குப் படகு கட்டிக்கொண்டு போய் டேப் ரிக்கார்டரில் பிடித்து வந்தது. அதில் ஓர் இடத்தில் சின்னதாக ஒரு தாவல் வரும். குருவிக் கூச்சல் ஏறிக்கொண்டே போகும், அடியில் அலைச் சத்தம் லேசாகக் கேட்கும், திடீரென்று எல்லாம் ஒரு எட்டு தாண்டிக் குதித்துவிட்டு மறுபடி ஓடும். சுற்றிச் சுற்றி அதே சத்தம் ஓடுவதால் தாவலும் சுற்றிச் சுற்றி வரும். "சர்கானி குருவிக்கு விக்கல் எடுத்திருச்சு, யாராவது தண்ணி குடுங்கப்பா" என்று கடையில் உட்கார்ந்திருக்கும் படகுக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். குருவிகளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. தாவலோடு சேர்த்தே அவற்றுக்குப் பழகிவிட்டது.

சர்கானிக்குக் காதுதான் மூலதனம். எந்த வீட்டிலாவது குருவி குறைந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இருட்டு மாடியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். "அந்த மூலை ஸ்பீக்கர் கிழிஞ்சு கத்துது, மாத்து" என்பான். மாற்றினால் குருவி வரும். அதனால் அவனுக்கு ஊரில் ஒரு மரியாதை, அவனுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்.

அவன் மனைவி அர்பாயினாவுக்குக் குரல். இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நபிப் புகழான மௌலித் ஓதும் பெண்கள் கூட்டத்தில் மற்றவர்கள் தஃப் பறை அடிக்க, எடுத்துக்கொடுப்பது அவள்தான். கனத்த குரல், அடிவயிற்றிலிருந்து வரும். அக்கரையில் போகிற படகை இக்கரையிலிருந்து கூப்பிட்டு நிறுத்துவாள். கழுத்தில் கட்டி வந்து, பெரிய ஊருக்குப் போய் அறுத்துக்கொண்டு வந்தாள். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. சில மாதங்களில் திரும்பிவிடும் என்று சொல்லி அனுப்பினார்களாம். வருஷங்கள்தான் திரும்பித் திரும்பி வந்தன. காற்று மட்டும் வாயிலிருந்து வரும், பக்கத்தில் காதை வைத்தால் புரியும். அவள் பாடியதை ஊரில் ஒருத்தனும் பதிந்து வைக்கவில்லை. தினம் கேட்கிற குரலை யார் பதிந்து வைப்பார்கள்?

அவள் வீட்டு வாசலில் அடுப்பு வைத்து வாழைப்பழமும் மண்டாயும் பொரித்து என் கடைக்குத் தருவாள். செம்படாக் பலாவின் தோலை உப்பு நீரில் ஊறப்போட்டுப் பொரிப்பதுதான் மண்டாய். புளிப்பும் உப்புமாக, கோப்பியோடு தின்றால் மழைக் காலையில் அதற்கு ஈடு கிடையாது.

அந்த வருஷம் காட்டுத் தீயின் புகை அடங்கி முதல் மழை விழுந்த வாரம். கூட்டம் கலைந்த நேரத்தில் மண்டாய்த் தட்டை என் மேஜையில் வைத்துவிட்டு அர்பா போகாமல் நின்றாள்.

"காக்கா, அவரு பதிவெல்லாம் வச்சிருக்கற லேப்டாப் சத்தம் போடுது."

நான் குனிந்து காதைக் கொடுத்தேன். "எப்படிப் போடுது?"

"டிக், டிக், டிக்குனு. அப்புறம் கொஞ்சம் நின்னு ஒரு இழுப்பு. அரிசில கல்லைக் கடிச்ச மாதிரி."

"மேல குருவி பறக்கறதா இருக்கும், அர்பா."

உழவாரன் இருட்டில் பறக்கும்போது நாக்கைத் தட்டுவது போல் டிக் டிக்கென்று ஒலி எழுப்பிக்கொண்டுதான் வழி கண்டுபிடிக்கும். எங்கள் ஊரில் எந்த வீட்டுப் படிக்கட்டடியில் நின்றாலும் அந்த ஒலி கேட்கும். நாங்கள் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

அவள் முகம் சுருங்கியது. "இத்தனை வருஷமா குருவிக்குக் கீழதான் படுத்துத் தூங்கறேன். குருவி எது, பெட்டி எதுன்னு எனக்குத் தெரியாதா? எல்லாரும் இதையே சொல்லுங்க."

"சர்கானிகிட்ட சொன்னியா?"

"சொல்லாம என்ன? தலையை ஆட்டறாரு. போன வாரம் சொன்னேன், ஆட்டினாரு. நேத்து சொன்னேன், ஆட்டினாரு. ஓணான் மாதிரி ஆட்டிட்டு எந்திரிச்சுப் போயிடறாரு."

"பழைய பெட்டி. போனா இன்னொண்ணு வாங்கிக்கறான். இதுக்கு ஏன் இவ்வளவு பதட்டம்?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். கேட்கக்கூடிய குரலும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. ஆனாலும் பார்த்தாள்.

"அதுக்குள்ள என் குரல் இருக்கு, காக்கா."

பிறகுதான் சொன்னாள். அரான் தீவுக்கு இரண்டு பேருமாகத்தான் போயிருக்கிறார்கள். குகைக்கு அடியில் படகைக் கட்டி, இவன் டேப் ரிக்கார்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார, புதுப் பெண்ணுக்கு எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்? என்னவோ பேசியிருக்கிறாள். 'சத்தம் போடாத, பதிவாகுது' என்று இவன் அதட்டியிருக்கிறான். 'பதிவாகட்டும். குருவிக்கும் என் குரல் தெரியட்டும்' என்று சொல்லிச் சிரித்து, மௌலிதில் ஒரு அடியும் பாடியிருக்கிறாள். குருவிக்குப் போடும்போது சர்கானி அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டிவிட்டான். வெட்டாத முழுப் பதிவு லேப்டாப்பில் மட்டும் இருந்தது. டேப் எப்போதோ பூஞ்சை பிடித்துப் போயிற்று.

"அவரு வேலைக்குப் போனப்புறம் அதைப் போட்டுக் கேப்பேன். அவருக்குத் தெரியாது. என் குரல் இப்படித்தான் இருந்துச்சான்னு எனக்கே மறந்துபோகுது. அது போச்சுன்னா நான் ஊமையாவே பொறந்த மாதிரிதான்."

"நீயே வேற எதுலயாவது ஏத்தி வச்சிருக்கலாமே?"

"பாட்டைப் போடத்தான் எனக்குத் தெரியும். ஏத்த எறக்க அவருக்குத்தானே தெரியும். காப்பி எடுத்துக் குடுங்கன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன். அதுக்கும் ஒரு ஆட்டு."

அன்று மாலை நான் போனேன். லேப்டாப் படிக்கட்டுக்கு அடியில், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் ஒரு மேஜையில் இருந்தது. குருவிச் சத்தம் ஆம்ப்ளிஃபயரில் செருகிய பென் டிரைவிலிருந்து தனியாக ஓடிக்கொண்டிருந்தது. விசிறி பேரிரைச்சலாக ஓடியது. டிக் டிக்கென்று கேட்கவும் செய்தது. ஆனால் அது மேஜையிலிருந்தா மாடியிலிருந்தா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சர்கானி குனிந்து விசைப்பலகை மேல் காதை வைத்தான்.

"ஒண்ணும் இல்ல காக்கா. விசிறில தூசி. அவளுக்கு இப்பல்லாம் எல்லாமே சத்தமாக் கேக்குது."

அர்பா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்தாள். சும்மா இருக்க முடியாமல், சந்தையில் போன், லேப்டாப் பழுது பார்க்கும் குஸ்னோவை அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குஸ்னோ ஜாவாக்காரன். அதனால் ஊருக்கே அவன் 'மாஸ்', அவர்கள் பேச்சில் அண்ணன். அவனோ பெரியவர்களை 'பாக்', 'இபு' என்பான், ஐயா, அம்மா என்பது போல. எதற்கும் அவசரப்படமாட்டான். வந்ததும் திருப்புளிப் பையை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, மண்டாயும் சோறும் ஒரு தட்டு முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கேட்டான். மேலே பார்த்தான். மறுபடி கேட்டான்.

"பாக், மேல இருக்கற சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்துங்க. எது எங்கேருந்து வருதுன்னு பாக்கணும்."

சர்கானி அவனை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். "சத்தத்தை நிறுத்தறதா? மாஸ், இது இளங்குருவி வீடு தேடற மாசம். ஒரு பொழுது என் வீடு ஊமையா நின்னா அது பக்கத்து வீட்டுக்குப் போயிடும். அப்புறம் அது சாகற வரைக்கும் அங்கதான், அது பேரன் பேத்தியும் அங்கதான். நீ வந்து கூடு கட்டித் தருவியா?"

ஊமை என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததும் அர்பா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் கவனிக்கவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவன் சொன்னதிலும் தப்பில்லை. இந்த ஊரில் சாவு விழுந்தாலும் ஸ்பீக்கரை நிறுத்தமாட்டோம். மையித்துத் தொழுகை நடந்துகொண்டிருக்கும், மேலே குருவி கத்திக்கொண்டிருக்கும்.

குஸ்னோ பெருமூச்சு விட்டுக்கொண்டு லேப்டாப்பைக் கவிழ்த்துத் திறந்தான். உள்ளே சாம்பல் நிறத் தூசி, காய்ந்த எச்சம், விசிறியில் சுற்றிய இறகு, மூலையில் எறும்பு முட்டை.

"இது லேப்டாப்பா, குருவிக் கூடா? சீனனுக்குக் குடுத்தா இதையும் சூப் வச்சுருவான்."

எல்லோரும் சிரித்தோம். தூரிகையால் தட்டி, ஊதி, விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடினான். போட்டால் அந்தப் பேரிரைச்சல் இல்லை. "பாத்தீங்களா?" என்று சர்கானி என் முதுகில் தட்டினான். உள்ளேயிருந்து அர்பா வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். தலையை இடவலமாக ஆட்டினாள்.

"இன்னும் இருக்கு" என்றாள். நான் அதை எடுத்துச் சொன்னேன்.

குஸ்னோ தயங்கினான். "இபு சொல்றது சரியா இருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கு மேல எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு. இங்க பிரிக்க முடியல. கடைக்கு எடுத்துட்டு வாங்க பாக், அமைதியா வச்சுக் கேட்டுருவோம்."

"வரேன், வரேன்" என்றான் சர்கானி. அவன் வரமாட்டான் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

போகும்போது குஸ்னோ படிக்கட்டடியில் நின்றான். தலைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர் காதில் ஊசி ஏற்றுவது போல இழுத்துக் கத்திக்கொண்டிருந்தது. அவன் முகத்தைச் சுளித்தான், நானும் சுளித்தேன். சர்கானி அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு சிரித்த முகமாக அவனுக்கு விடை கொடுத்தான்.

"பாக் சர்கானி வீட்டுலயே இப்படி ஒரு ஸ்பீக்கரா?" என்று தெருவில் வந்து கேட்டான் குஸ்னோ.

"ஊராருக்கு வேலை பாக்கறவன் வீடு எப்பவும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஆறு சிவந்து படித்துறையின் கடைசிப் பலகை வரை ஏறியது. லேப்டாப் மேஜையிலேயே இருந்தது. திறக்கவே வெகுநேரம் எடுக்கிறது, நடுவில் உறைந்து நிற்கிறது என்று அர்பா சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் மழை விட்ட காலையில், மண்டாய்த் தட்டுக்குப் பதிலாக மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். கூடைக்குள் சாரோங்கில் சுற்றிய லேப்டாப்.

"படகை எடுங்க காக்கா. குருவிச் சத்தமே இல்லாத இடத்துக்குப் போகணும்."

கரை நெடுகக் கத்துகிற ஊரில் அப்படி ஒரு இடம் ஆற்றுமுகம்தான். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு அவளே போய்ப் படகின் கயிற்றை அவிழ்த்தாள். பின்னாலேயே சர்கானி ஓடி வந்தான்.

"எங்க போறா இவ? லேப்டாப்புக்குக் காத்து வாங்கவா?"

"நீயும் ஏறு" என்றேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறினான்.

நீர் பழுப்பிலிருந்து பச்சைக்கு மாறும் இடத்துக்குப் போய் எஞ்சினை நிறுத்தினேன். ஊர் ஒரு கோடாகத் தெரிந்தது. படகின் வயிற்றில் தண்ணீர் தட்டுவது மட்டும்தான் சத்தம். எனக்கே என்னவோ போல இருந்தது. அர்பா லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள்.

டிக். டிக். டிக். கொஞ்சம் நின்றது. பிறகு ஒரு கரகரத்த இழுப்பு. மறுபடி டிக்.

தலைக்கு மேலே வானத்தில் ஒரு குருவிகூட இல்லை. அர்பா வெற்றிக்களிப்பு ஒன்றும் இல்லாமல் புருஷனைப் பார்த்தாள். அவன் குனிந்து, வலது காதை வைத்தான், இடது காதை வைத்தான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றான்.

"என்னடா கேக்கலைங்கற? கரைல நிக்கறவனுக்குக் கேக்கும்" என்றேன்.

அவன் நிமிரவில்லை. விசைப்பலகை மேல் விரல்களை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். டிக் என்று அடிக்கும்போதெல்லாம் அவன் விரல்நுனி லேசாக அசைந்தது. தொட்டுத்தான் தெரிந்துகொண்டான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"எவ்வளவு நாளாடா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். முதல்ல குருவியோட மேல்சத்தம் போச்சு. ஸ்பீக்கர்ல விரலை வச்சு நடுக்கத்தைப் பாத்து சமாளிச்சேன்." அவன் அர்பாவைப் பார்க்காமல் சொன்னான். "அப்புறம் இவ பேச்சும் போச்சு. நீங்க உரக்கப் பேசினா கேக்குது காக்கா. படகு எஞ்சின் கேக்குது. இவ பேசறது மட்டும் காத்து மாதிரி போயிருது."

அர்பா என்னவோ கேட்டாள். அவன் அவள் உதட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் கத்திச் சொன்னேன். "அப்போ அவ சொன்னதுக்கெல்லாம் ஏன் தலையாட்டினேன்னு கேக்கறா."

"என்ன சொன்னான்னு தெரியாமத்தான். மறுபடி மறுபடி கேட்டா கண்டுபிடிச்சிடுவா. வெளிய தெரிஞ்சா சர்கானியை எவன் கூப்பிடுவான்?"

அவள் மறுபடி பேசினாள். நான் மறுபடி கத்தினேன். "காப்பி எடுத்துக் குடுங்கன்னு சொன்னது ஒரு தடவைகூடக் கேக்கலையான்னு கேக்கறா."

"எதைக் காப்பி எடுக்க?"

அரான் தீவுப் பதிவு, அவள் குரல் இருக்கிற முழுப் பதிவு, அவன் இல்லாதபோது அவள் போட்டுக் கேட்பது, எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, அவள் காற்றாகச் சொல்வதை அவனிடம் ஆற்றுக்கே கேட்கும்படி கத்துவது போன்ற தர்மசங்கடம் வேறு இல்லை. இந்த வேலையை இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது செய்திருந்தால் அந்தக் குரல் பத்து இடத்தில் பத்திரமாக இருந்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சர்கானி அழுதான். ஓசை இல்லாமல், மூக்கைச் சாரோங்கில் துடைத்துக்கொண்டு.

எனக்கு அப்போதுதான் குஸ்னோ நினைவு வந்தது. படகின் பின்பக்கம் போய், சிக்னல் கிடைக்கப் போனை உயரப் பிடித்துக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லிவிட்டு, சத்தத்தை அவனே கேட்கட்டும் என்று கையை நீட்டிப் போனை லேப்டாப் பக்கம் பிடித்தேன். திரும்பக் காதில் வைத்தபோது, எதற்கும் அவசரப்படாத அந்த மனுஷன் கத்திக்கொண்டிருந்தான்.

"அணைங்க. இப்பவே அணைங்க. ஊசி தட்டுல உரசுது. எதையும் திறக்காதீங்க, எதையும் போடாதீங்க. அப்படியே என்கிட்ட கொண்டாங்க, முதல்ல காப்பி எடுப்போம். எல்லாம் வந்துரும். போட மட்டும் போடாதீங்க."

நான் திரும்பினேன். நான் இந்தப் பக்கம் நகர்ந்ததும் அங்கே எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் போயிருந்தது. சர்கானி லேப்டாப்பைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு பதிவைத் தேடிக்கொண்டிருந்தான். பாவி, அவளுக்குப் போட்டுக் காட்ட வேண்டுமாம். அர்பா தலையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் காப்பி எடுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறாள், பிறகு கேட்டபோது சொன்னாள். அவன் தலை குனிந்திருந்தது. அவள் அவன் கையைப் பிடித்தாள். தடுக்கத்தான் பிடித்தாள். அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, இன்னொரு கையை அவள் கைமேல் வைத்து அழுத்தினான். அழுத்தியபடியே சுண்டுவிரலால் தட்டிவிட்டான்.

"போடாதடா" என்று நான் கத்தியது முடிவதற்குள் அலைச் சத்தம் வந்தது. குகைச் சுவரில் மோதும் அலை. குருவிக் கூச்சல் ஏறிக்கொண்டே போனது. இளவயது சர்கானியின் அதட்டல், "சத்தம் போடாத, பதிவாகுது."

பிறகு அவள். வருஷக்கணக்கில் நான் கேட்டிராத குரல், படகுப் பலகையெல்லாம் அதிரும்படி.

"பதிவாகட்டும். குருவிக்கும்..."

ஒரு கரகரப்பு. இழுப்பு. திரை உறைந்தது. இன்னும் இரண்டு முறை டிக் டிக் என்றது. பிறகு அதுவும் நின்றது.

ஆற்றுத் தண்ணீர் படகைத் தட்டிக்கொண்டிருந்தது. போனுக்குள் குஸ்னோ, "அணைச்சாச்சா? பாக் ஹம்லி, அணைச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

சர்கானி முகத்தைத் தூக்கினான். அவனுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. முகமெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம்.

"கேட்டுச்சு அர்பா. உன் குரல் எனக்குக் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. இன்னும் இருக்குல்ல, பாட்டு வரும்ல?"

அவள் சாரோங் முனையை வாயில் திணித்துக்கொண்டாள். நான் எஞ்சினைக் கிளப்பினேன். வேறு என்ன செய்ய?

குஸ்னோ தன்னால் முடிந்ததெல்லாம் பார்த்தான். சுராபாயாவில் தனக்குத் தெரிந்த பெரிய ஆட்களுக்கு ஹார்ட் டிஸ்கை அனுப்பிவைத்தான். மழைக்காலம் முடிகிற சமயம் அது திரும்பி வந்தது. வட்டத் தகட்டை அவர்களே கழற்றி ஒரு பையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். கண்ணாடி மாதிரி இருந்திருக்க வேண்டிய தகட்டில் கோழி கிளறியது போல வட்டமாகக் கீறல். சர்கானி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல் நகத்தால் கீறலைத் தடவினான்.

"அன்னைக்கு நீ முதல் தடவை வந்தப்ப நான் ஸ்பீக்கரை நிறுத்தியிருந்தா?" என்று கேட்டான்.

குஸ்னோ தகட்டை அவன் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டு மூடினான். நல்ல மனுஷன்.

காது போன விஷயத்தைச் சர்கானி தானே என் கடையில் உட்கார்ந்து ஊராரிடம் சொன்னான். எவரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கூப்பிடுவது நின்றுபோயிற்று. இப்போது அக்கரை ஆள் ஒருவன் வந்து ஸ்பீக்கர் வைக்கிறான். புதுச் சத்தம் கொண்டுவந்திருக்கிறான், வழவழவென்று இருக்கிறது, தாவல் கிடையாது. ஒவ்வொரு வீடாக மாற்றிவிட்டார்கள். சர்கானி வீடு மட்டும் பழைய சத்தத்தையே போட்டுக்கொண்டிருக்கிறது.

குஸ்னோ ஒருநாள் கோப்பி குடித்துக்கொண்டே நல்லெண்ணத்தில் கேட்டான். "பாக், அந்த வெட்டுன இடத்தை நான் பூசித் தந்துடறேன். கொஞ்சம் அலைச் சத்தம் எடுத்து நடுவுல ஒட்டினா இடைவெளியே தெரியாது."

நான் கத்திச் சொன்னேன். சர்கானி கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அதுல கை வைக்காத மாஸ். இருக்கறது அந்த இடம் ஒண்ணுதான்."

இப்போது விடியற்காலையில் அர்பா வாசலில் அடுப்பு மூட்டி மண்டாய் பொரிக்கும்போது அவன் எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறான். மேலே குருவி கத்துவது அவனுக்குக் கேட்காது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கூச்சல் ஏறிக்கொண்டே போகும். தாவல் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும், கரண்டி நின்றுவிடும். சத்தம் ஒரு எட்டு தாண்டும். அவள் உதடுகள் அசையும். அந்த எட்டுக்குள் அடங்காது, குருவிகள் மறுபடி கத்த ஆரம்பித்த பிறகும் அசைந்துகொண்டிருக்கும். முடிந்ததும் சர்கானி தலையை ஆட்டுவான்.

அவளுக்கு இப்போது அந்தத் தலையாட்டலில் கோபம் வருவதில்லை. எனக்கு வருகிற தட்டில் தினமும் நாலைந்து துண்டு கருகியிருக்கிறது. படகுக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். தின்கிறவன் தின்னு, இல்லாவிட்டால் எழுந்து போ என்று சொல்லிவிட்டேன்.